சின்னசேலம் ரோட்டில் இருநூற்று நாற்பது நாள்

சின்னசேலம்
30.8.1987, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு எழில்மதி எழுதுவது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் என் சைக்கிளுக்கு. மீதி அரைப் பக்கம் உங்கள் இருமலுக்கு. இருமலைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். கஷாயம் வைத்துக் கொடுக்கக்கூட அங்கே ஆள் இல்லையே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

பஸ்ஸில் போனால் என்ன என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். சேலம் பஸ் எட்டு மணிக்கு இங்கே நிற்கும். நிற்கும் என்று பேர்தான். உள்ளே இருப்பவர்களில் நாலு பேர் இறங்கினால் இரண்டு பேர் தொத்திக்கொள்ளலாம். எட்டரைக்கு நான் ஆலையில் இருக்க வேண்டும். மூன்று நாள் தாமதமானால் ஒரு நாளைக் கழித்துவிடுவார்கள். சைக்கிளில் ஏழு மணிக்குப் புறப்பட்டால் எட்டேகாலுக்குள் கள்ளக்குறிச்சி. பத்து மைலும் என் காலை நம்பி, யாரையும் எதிர்பார்க்காமல் போகிறேன்.

லாரிக்காரன் அடித்துவிடுவான் என்று பயப்படுகிறீர்கள். கனியாமூர் தாண்டியதும் நான் பழைய ரோட்டில் இறங்கிவிடுவேன். வளைவை நேராக்கிப் புது ரோடு போட்டபோது பழைய தார்ரோட்டை அப்படியே விட்டுவிட்டார்கள் அல்லவா, அதுதான். மூன்று மைல் தூரம், இரண்டு பக்கமும் புளியமரம், பஸ்ஸும் லாரியும் கிடையாது. காலையில் அதில் போகிறவர்கள் எல்லாம் சைக்கிள்காரர்கள். பால்காரர்கள், தறிக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்கள் ஆலையில் மூட்டை தூக்கும் பொன்னுரங்கம். எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஒருநாள் தாமதமானால் ஏன் என்று கேட்கிறார்கள்.

கூட்ஸ் ஷெட் மைதானத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தது யார்? "தைரியமா மிதி, நான் பிடிச்சிக்கினுதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டது யார்? கற்றுக்கொடுத்துவிட்டு இப்போது வேண்டாம் என்றால் எப்படி?

நேற்றோடு இருநூற்றுப் பதினாலு நாள். இருநூற்று நாற்பது நாள் இடைவெளி இல்லாமல் வேலைக்கு வந்தால் நிரந்தர உத்தரவு. செப்டம்பர் 29, செவ்வாய்க்கிழமை. தேதி எனக்கு மனப்பாடம். இதற்கு முன் இரண்டு இடத்தில் இருநூறைத் தாண்டியதும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி என்னை நிறுத்தினார்கள். இங்கேயும் அப்படித்தான். எனக்கு முன் இந்த டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தைலம்மாள் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டாள். மானேஜர் சிரித்த முகமாகக் கொடுத்தார். திரும்பி வந்ததும், "லீவு எடுத்தா மறுபடியும் ஒண்ணாம் நாள்லேர்ந்துதாம்மா" என்றார். அப்போது அவள் இருநூற்று இருபது முடித்திருந்தாள். இனி முடியாது என்று நின்றுவிட்டாள்.

அத்தை சௌக்கியம். சைக்கிள் மிதித்தால் வயிறு தங்காது என்று பக்கத்து வீட்டு ஆயம்மாளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாதத்தில் ஒரு தடவை மலையை விட்டு இறங்குகிற மகனும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

எழில்மதி


வெள்ளிமலை
4.9.1987

அன்புள்ள எழில்மதிக்கு தங்கதுரை எழுதிக்கொண்டது.

உன் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. இங்கே திங்களும் வியாழனும்தான் தபால். மழை பிடித்துவிட்டது. சாமை அறுப்பு என்று பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. மலைப்பாதையில் நடந்து வீடு வீடாகக் கூப்பிட்டு வருவது என் வேலையாகிவிட்டது. இருமல் பரவாயில்லை.

அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் நாலு வார்த்தை சொல்வார்கள். கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

நிற்க. முக்கியமான விஷயம். செல்லமுத்து கடிதம் போட்டிருக்கிறான். வருகிற பதினேழாம் தேதி முதல் ஒரு வாரம் சாலை மறியல். நம் ஜனங்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு எல்லா ஊரிலும் செய்கிறார்கள். பஸ், லாரி எதுவும் ஓடாது. நம் பக்கத்தில் அவன்தான் முன்னால் நின்று நடத்துகிறான். சித்தப்பா மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வம்சத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் பிறகு பதினோரு வருடமாக ஒருவரும் வரவில்லை. செல்லமுத்துவே பி.ஏ. படித்துவிட்டுக் கரும்பு வெட்டுகிறான்.

ஆகவே அந்த ஒரு வாரமும் நீ வீட்டில் இருக்க வேண்டும். கூட்டம் கூடுகிற இடத்தில் போலீசும் வரும், பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? வேலை போய்விடும் என்று பயப்படாதே. லீவ் லெட்டர் எழுத்தில் கொடுத்துவிட்டால் சர்வீஸ் பாதிக்கப்படாது. சொல்லாமல் நின்றால்தான் பிரேக். என் அனுபவத்தில் சொல்கிறேன். அந்தத் தைலம்மாள் வாயால் கேட்டிருப்பாள், எழுதிக் கொடுத்திருக்க மாட்டாள். முறையாக ஒரு கடிதம் எழுதிக் கொடு. அதை எப்படி எழுதுவது என்று தனித்தாளில் மாதிரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உடனே பதில் போடு.

தங்கதுரை


சின்னசேலம்
10.9.1987

அன்புள்ள மாமாவுக்கு,

மாதிரிக் கடிதம் கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் அதை நான் கொடுக்கப்போவதில்லை.

நீங்கள் இருப்பது சர்க்கார் பள்ளிக்கூடம். நான் இருப்பது ஜவ்வரிசி ஆலை. உங்களுக்கு லீவ் லெட்டர் கவசம். இங்கே அதைத்தான் அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தைலம்மாள் வாயால் கேட்கவில்லை, எழுதித்தான் கொடுத்தாள். நான் சேர்ந்த புதிதில் அந்தக் கடிதத்தை ஃபைலில் போட்டு வைத்ததே நான்தான். போன கடிதத்திலேயே இதை எல்லாம் சொன்னேன். நீங்கள் படிக்கும்போது சைக்கிள் என்ற வார்த்தை வந்த இடத்தில் மட்டும் கண்ணை வைத்தீர்கள் போலிருக்கிறது.

மறியல் பற்றி மானேஜரிடம் திங்கட்கிழமையே கேட்டுவிட்டேன். பஸ் ஓடாத நாளை வராத நாளாக எடுப்பீர்களா என்று கேட்டேன். "பஸ்ஸு ஓடலன்னா நான் இன்னா பண்றது, வந்தா வந்த நாள், வராட்டி வராத நாள்" என்றார். பிறகு, "நீங்கதான் சைக்கிள்ல வர்றவங்களாச்சே" என்று ஒரு சிரிப்பு. நான் வரமாட்டேன் என்று அவர் நினைக்கிறார். நான் வரக்கூடாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள்.

செல்லமுத்து கேட்பது நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலைக்காகத்தானே கேட்கிறார்? நானும் வேலைக்காகத்தான் போகிறேன். மரத்தை வெட்டிப் போட்டால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுவேன். பொன்னுரங்கமும் வருகிறார். அவருக்கும் ஆறு நாள் போனால் கஷ்டம்.

இந்த உத்தரவு எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு தடவையாவது நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எனக்கு இருபத்து நாலு வயது. ரேஷன் கார்டில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர், வீட்டு ரசீதில் உங்கள் பெயர், கல்யாணப் பத்திரிகையில்கூட என் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில். என் பெயரை மட்டும் எழுதி, இவளுக்கு இந்த வேலை என்று ஒரு தாளில் யாராவது கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான். இன்னும் பத்தொன்பது நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், மாமா.

எழில்மதி


வெள்ளிமலை
16.9.1987

எழில்மதிக்கு,

திங்கட்கிழமைத் தபாலில் உன் கடிதம் வந்தது. இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. நான் சொல்வது எதையும் கேட்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டாய். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் நான் இந்த மலையிலிருந்து எதில் இறங்கி வருவது? பஸ் நாளையிலிருந்து இல்லை. நடந்தால் கச்சிராயபாளையத்துக்கே ஒரு நாள் ஆகும்.

பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு சண்டை போட நமக்குள் நேரம் இல்லை. வனத்துறை ஜீப் ஒன்று இன்று மதியம் கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறது. டிரைவர் தெரிந்தவர். இந்தக் கடிதத்தை அங்கே தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அதோடு, உன் நன்மைக்காக நான் செய்ய வேண்டிய ஒரு காரியத்தையும் செய்துவிட்டேன். கோபம் தணிந்த பிறகு நீயே சரி என்பாய்.

தயவு செய்து வீட்டில் இரு.

தங்கதுரை


சின்னசேலம்
20.9.1987, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

வியாழக்கிழமையிலிருந்து தபால் ஆபீஸ் மூடிக் கிடக்கிறது. எப்போது போகுமோ தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் போய் வந்துவிட்டேன். இருநூற்று முப்பத்திரண்டு.

முதல் நாள் ஐந்தரைக்கே புறப்பட்டேன். அத்தை வாசலில் நின்று அழுதார். ஊர் எல்லை தாண்டியதுமே முதல் மரம், வேப்பமரம். டிபன் பையைக் கழற்றி அந்தப் பக்கம் போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிளைத் தூக்கி மேலே சாய்த்து மெதுவாக இறக்கினேன். மூன்றாவது மரத்தில் செயின் கழன்றது. ஐந்தாவதில் கை கிழிந்தது. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

பழைய ரோட்டை விட்டுவைப்பார்கள் என்று நம்பியிருந்தேன். அதில் பஸ்ஸா போகிறது, எதை மறிக்கப்போகிறார்கள்? ஆனால் மரம் எல்லாம் அங்கேதானே இருந்தது. வெட்டிப் புது ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது போக, இழுக்க முடியாததெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அந்த மூன்று மைலும் வெயில். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் சைக்கிளில் போகிறவர்கள் யாருக்கு என்ன செய்தோம்?

அங்கே இருபது பேர் நின்றிருந்தார்கள். செல்லமுத்துவும் இருந்தார். கை எல்லாம் காய்த்துப்போய், மூன்று நாள் தாடி. என்னைப் பார்த்ததும், "நம்ம வூட்டு அண்ணிடா, வழி வுடுங்க" என்றார். இரண்டு பேர் என் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

எனக்குப் பின்னால் பொன்னுரங்கம் வந்தார். அவர் காலனிக்காரர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "நீ எங்கடா போற, திரும்பு" என்று ஒருவன் சொன்னான். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு சக்கரத்தின் வால்வையும் பிடுங்கி வயலில் எறிந்தார்கள். செல்லமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை, மாமா. அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு நேரமாகிவிடும் என்று ஏறி மிதித்துவிட்டேன்.

அவர் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். ஏரிக்கரை மேலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் ஏரிக்கரை வழியாகத்தான் அவரோடு போகிறேன். சேறு, கருவேல முள், ஒரு மணி நேரம் கூடுதல். "நீங்க ரோட்டுமேலயே போங்கம்மா, உங்கள வுடுவாங்க" என்றார். நான் அவர் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஆலையில் கொதிகலன் அணைந்துவிட்டது. மரவள்ளி லோடு வரவில்லை. வந்தது ஏழெட்டுப் பேர்தான். மானேஜர் ஆலைக்குள்ளேயே குடியிருப்பதால் அவர் இருக்கிறார். நான் உள்ளே நுழைந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வருகைப் பதிவேடு பீரோவில் பூட்டியிருக்கிறது, மறியல் முடிந்ததும் எல்லோரும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார். மூன்று நாளில் எனக்கு ஒன்பது கடிதம் சொல்லி டைப் அடிக்க வைத்தார். எல்லாம் வெளியூர் வியாபாரிகளுக்கு, மறியலால் சரக்கு தாமதம் என்று.

ரேடியோவில் துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். செல்லமுத்துவின் அம்மா நம் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார், மகன் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்று. அவருக்குச் சோறு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லார்மேலும் வருகிறது.

இன்னும் மூன்று நாள் மறியல். இன்னும் எட்டு நாள் எனக்கு.

எழில்மதி


சின்னசேலம்
25.9.1987

திரு. தங்கதுரை அவர்களுக்கு,

நீங்கள் பதினாறாம் தேதி எழுதிய கடிதம் நேற்று வீட்டுக்கு வந்தது. நீங்கள் செய்த காரியம் அதற்கு ஒரு வாரம் முன்பே ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜீப் டிரைவர் எனக்கு எழுதியதைத் தபால் பெட்டியில் போட்டார். அது செல்லமுத்து வெட்டிய மரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. மானேஜருக்கு எழுதியதை வழியில் இறங்கிக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நேற்றுக் காலை பதிவேட்டைத் திறந்தார்கள். பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். என் பெயருக்கு நேரே ஆறு கட்டத்திலும் சிவப்பு மசியில் விடுப்பு. ஓரத்தில் "கணவர் கடிதப்படி" என்று எழுதியிருந்தது.

நான் வந்தேனே என்றேன். மேசையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து என்முன் வைத்தார். முத்து முத்தான கையெழுத்து. 'என் மனைவி திருமதி எழில்மதி, சாலை மறியலை முன்னிட்டு 17 முதல் 23 முடியப் பணிக்கு வர இயலாத நிலையில் இருப்பதால், மேற்படி நாட்களுக்கு விடுப்பு அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' நான் இயலாத நிலையில் இருக்கிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கை கிழிந்து, காலில் முள்ளோடு அவர் எதிரில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் முழுக்க இது அவர் மேசைக்குள் இருந்திருக்கிறது.

"உங்க வூட்டுக்காரரே எழுதிக் குடுத்துட்டாரு, நான் இன்னாம்மா பண்றது" என்றார். ஆறு நாளும் அடித்த கடிதங்களின் நகலை எடுத்துக் காட்டினேன். தேதி இருக்கிறது, கீழே என் இனிஷியல் இருக்கிறது. லீவில் இருந்துகொண்டு நானாக வந்து செய்தது என்று சொல்லிவிட்டார். பொன்னுரங்கம் கூட வந்து நின்று, "அம்மா என்கூடத்தான் சார் வந்தாங்க" என்று சொன்னார். கடிதம் இருக்கும்போது சாட்சி எதற்கு என்று அவரை வெளியே போகச் சொன்னார். நான் பேசாமல் போன இடத்தில் அவர் எனக்காகப் பேசினார்.

மறுபடியும் ஒன்றாம் நாள். இருநூற்று முப்பத்தைந்து நாள் போய்விட்டது.

நம் ஜனங்களுக்கு வேலை வேண்டும் என்று தம்பி ஒரு வாரம் பட்டினி கிடந்தார். நம் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு வேலையை அண்ணன் ஒரு தாளில் முடித்துவிட்டார். மரம் வெட்டியவர்கள்கூட எனக்கு வழி விட்டார்கள். நீங்கள் விடவில்லை.

எழில்மதி


வெள்ளிமலை
28.9.1987

அன்புள்ள எழில்மதிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் இன்று ஒன்றாக வந்தன. இருபதாம் தேதிக் கடிதத்தை முதலில் படித்தேன். அடுத்ததைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியவில்லை.

நான் செய்தது தவறு. ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை என்பதை மட்டும் நீ நம்ப வேண்டும். எப்படியும் உன்னால் போக முடியாது, சொல்லாமல் நின்றுவிட்டால் சர்வீஸ் பிரேக் ஆகிவிடுமே, நீ பிடிவாதத்தில் எழுதிக் கொடுக்கவும் மாட்டாய் என்று பயந்தேன். உன் வேலையைக் காப்பாற்றத்தான் எழுதினேன். அத்தனை மரத்தையும் தாண்டிப் போவாய் என்று என் புத்திக்கு எட்டவில்லை. கடிதம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று இத்தனை வருடம் பழகிவிட்டேன்.

பொன்னுரங்கம் விஷயம் மனதுக்கு வருத்தமாக இருந்தது. செல்லமுத்துவிடம் பேசுகிறேன்.

நிற்க. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு நான் கீழே வந்து மானேஜரை நேரில் பார்க்கிறேன். தனசேகரன் வாத்தியாருக்கு அந்த ஆலை முதலாளியைத் தெரியும். இரண்டு பேருமாகப் போய்ப் பேசினால் கேட்பார்கள். நீ போய் வாதாடிக்கொண்டிருக்காதே. ஆம்பளைங்க பேசிக்கொள்கிற விதத்தில் பேசினால் முடிந்துவிடும்.

கோபப்படாமல் இரண்டு வரி எழுது. கையில் காயம் ஆறிவிட்டதா?

தங்கதுரை


சின்னசேலம்
4.10.1987

மாமாவுக்கு,

காயம் ஆறிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். தனசேகரன் வாத்தியாரும் வர வேண்டாம்.

கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என் கஷ்டமே. கெட்ட எண்ணம் என்றால் சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம். நீங்கள் என்மேல் அன்பாக இருப்பதால் உங்களுக்கு எதையும் புரியவைக்க முடியவில்லை. இரண்டு கடிதத்தில் லீவு கேட்டால் வேலை போகும் என்று எழுதினேன். உங்களுக்குக் காதில் விழவில்லை. இப்போது நீங்கள் வந்து மானேஜரிடம் பேசினால், அவர் உங்களோடு பேசுவார், என்னோடு இல்லை. அடுத்த தடவையும் உங்களுக்கே சொல்லி அனுப்புவார்.

வேலையை விடவில்லை. தைலம்மாள் மாதிரி நின்றுவிடுவேன் என்று மானேஜர் எதிர்பார்த்தார். போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பழைய ரோட்டில் கிடக்கும் மரங்களை எடுக்க யாரும் வரவில்லை. புது ரோட்டில்தான் முதலில் எடுத்தார்கள், பஸ் போக வேண்டும் அல்லவா. சைக்கிள்காரர்கள் நாங்களே போன ஞாயிற்றுக்கிழமை கோடாலியும் கயிறும் கொண்டுபோய் ஒரு சைக்கிள் அகலத்துக்கு வழி செய்தோம். செல்லமுத்துவும் வந்து நின்றார். பொன்னுரங்கம் இருக்கிற பக்கம் வராமல், வேறு மரத்தில் போய் வெட்டினார்.

உங்களுக்குப் புரியவைக்க நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். எழுதிப் பார்த்தாயிற்று, இனி எழுதிப் பயனில்லை. பார்க்கலாம்.

எழில்மதி


வெள்ளிமலை
13.10.1987

எழில்மதி,

நீ செய்தது உனக்கே நன்றாக இருக்கிறதா?

நேற்று மதியம் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். அறையில் மற்ற வாத்தியார்களும் இருந்தார்கள். ஒரு கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். 'என் கணவர் திரு. தங்கதுரை, மழையையும் இருமலையும் முன்னிட்டுப் பணிக்கு வர இயலாத நிலையில் இருப்பதால், வருகிற 19 முதல் 24 முடிய அவருக்கு விடுப்பு அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே உன் கையெழுத்து. நான் உன் மானேஜருக்கு எழுதியதே, பெயரும் காரணமும் தேதியும் தவிர ஒரு வார்த்தை மாறாமல்.

படித்து முடிப்பதற்குள் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தலைமையாசிரியருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னா சார், வூட்டுக்காரம்மா எழுதிக் குடுத்தா உங்களுக்கு லீவு குடுத்துடணுமா?" என்று கேட்டார். பிறகு அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, போய் வகுப்பைப் பாருங்கள் என்றார். மாலையில் சமையல்காரர்வரை விஷயம் போய்விட்டது. எனக்குத் தலை நிமிர முடியவில்லை. எனக்கு லீவு வேண்டுமா வேண்டாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? நான் என்ன வாயில்லாத குழந்தையா? ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால் இப்படியா நிற்க வைப்பது?

பதில் எழுது.

தங்கதுரை


சின்னசேலம்
17.10.1987

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று பத்தொன்பதாவது நாள்.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளை எல்லாம் இரண்டு தடவை படித்தேன். ஒவ்வொன்றும் நான் உங்களைக் கேட்க வேண்டியது. இப்போது நீங்களே எழுதிவிட்டதால் நான் தனியாக எழுதவில்லை.

உங்களை நாலு பேர் முன்னால் நிற்க வைத்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் உங்கள் வேலை உங்களிடமே இருக்கிறது. ஒரு நாள்கூடக் குறையவில்லை. என் கடிதத்தைப் பார்த்து உங்கள் தலைமையாசிரியர் சிரித்துக் கிழித்துப் போட்டுவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து என் மானேஜர் சிரிக்கவில்லை.

எழில்மதி